குதிர் பல, பதிவேடு ஒன்று

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்கு நீங்கள் போனதுண்டா? அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறவேண்டும். மலை முழுவதும் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு எனப் பல நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று குண்டனி நாடு. நாடு என்றதும் பெரிய நிலப்பரப்பை எண்ணிவிடாதீர்கள். மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் தொகுதியே இங்கு நாடு எனப்படுகிறது.

இம்மலையில் வாழும் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்தவர்கள். சாமையிலேயே பல வகைகள் உண்டு. பிற்காலத்தில் மரவள்ளிக் கிழங்குக்கு நல்ல விலை கிடைத்ததால் சிறுதானியப் பரப்பு சுருங்கியது. சில வகைகள் அடியோடு மறைந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலை மக்களுடன் சேர்ந்து ஊர்தோறும் விதை வங்கிகள் அமையத் துணை நின்றது. விதையை ஒரே கட்டடத்தில் குவிக்காமல் ஊருக்கு ஊர் வைப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. ஓர் ஊரில் எலி தின்றாலும், மழைநீர் புகுந்தாலும், அடுத்த ஊரில் அதே வகை மிஞ்சியிருக்கும்.

கணிப்பொறி உலகில் இதே முறைக்குப் 'பரவல் சேமிப்பு' என்று பெயர். இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப்போவது அந்தச் சேமிப்பையே அன்று. அதைவிடச் சிறியதாகவும் அற்பமாகவும் தோன்றும் ஒன்றை. குதிர்கள் பல ஊர்களில் இருக்கட்டும். 'ஒரு படி விதை வாங்கினால் எத்தனை படி திருப்பித் தரவேண்டும்' என்ற விதியை எங்கே எழுதி வைப்பது?

முதலில் சேமிப்பின் அளவை மனத்தில் பதித்துக்கொள்வோம். ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தைப் பற்றி இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்களை மோதவிட்டு, மோதலின் விளைவுகளைப் பதிவு செய்கிறார்கள். அங்குள்ள வட்டுகளின் மொத்தக் கொள்ளளவு 2023இல் ஒரு எக்சாபைட்டைத் தாண்டியது. ஒன்றுக்குப் பின் 18 சுழிகள் போட்டால் வரும் எண் அது. அப்போது அங்கு இயங்கிய சேமிப்புக் கருவிகள் ஏறக்குறைய 1,11,000. அந்தத் தரவுகளை ஆராய உலகெங்கும் கணிப்பொறி நிலையங்கள் பின்னப்பட்டுள்ளன. நம் நாட்டில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், கொல்கத்தாவின் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் அவ்வலையில் பங்கு கொண்டவை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு நூற்றில் ஒரு வட்டு மட்டுமே பழுதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,11,000 வட்டுகளில் 1,110 பழுதாகும். அதாவது நாளொன்றுக்கு மூன்று! அவ்வளவு பெரிய சேமிப்பில் வட்டு பழுதாவது விபத்தன்று, அன்றாட நிகழ்ச்சி. எனவே ஒவ்வொரு தரவுக்கும் படிகள் எடுத்து, வெவ்வேறு இயந்திரங்களில் வைத்தே தீரவேண்டும்.

இந்த வேலையைச் செய்யும் மென்பொருள்களுள் புகழ்பெற்ற ஒன்று 'செஃப்'. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துச் சான்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வெயில் என்பவர் தம் முனைவர் பட்ட ஆய்வாக உருவாக்கியது. ஆய்வேடு 2007இல் வெளிவந்தது. செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் இதைப் பயன்படுத்தி வருகிறது. 'செஃபலோபாட்' எனப்படும் தலைக்காலி இனத்திலிருந்து, அதாவது எண்காலி, கணவாய் போன்ற உயிர்களின் இனத்திலிருந்து, இப்பெயர் வந்தது. பொருத்தமான பெயர்தான். எண்காலியின் நரம்புச் செல்களில் பெரும்பகுதி தலையில் இல்லை, கைகளில் இருக்கிறது.

செஃப் அமைப்பில் இரண்டு வகைப் பணியாளர்களை மட்டும் நாம் அறிந்துகொண்டால் போதும். ஒவ்வொரு வட்டையும் கவனித்துக்கொள்ள ஒரு நிரல் உண்டு. அதைக் குதிர்க்காரர் என்போம். குதிர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். இவர்களைத் தவிர, மூன்று அல்லது ஐந்து கண்காணிப்பாளர்கள் உண்டு. இவர்கள் தரவைத் தொடுவதில்லை. எந்தக் குதிர்க்காரர் வேலையில் இருக்கிறார், யார் ஓய்ந்துவிட்டார், விதிகள் என்னென்ன என்ற விவரங்களை மட்டும் வைத்திருப்பார்கள்.

இனி விதிகளுக்கு வருவோம். கணிப்பொறிக்காரர்கள் 'செட்டிங்' என்று சொல்வதை நாம் அமைவு என்று அழைக்கலாம். வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதல்லவா? செஃப் மென்பொருளில் அத்தகைய திருகுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. இரண்டை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, காத்திருப்பு நேரம். ஒரு குதிர்க்காரரிடமிருந்து பதில் வரவில்லை. அவர் இறந்துவிட்டாரா, சற்று நேரம் கண்ணயர்ந்தாரா? கண்காணிப்பாளர்கள் 600 வினாடி, அதாவது 10 நிமிடம், காத்திருப்பார்கள். அதற்குள் அவர் திரும்பாவிட்டால் 'இனி இவரை நம்ப வேண்டாம்' என்று நீக்கிவிட்டு, அவரிடமிருந்த தரவின் மறுபடிகளை வேறிடத்தில் உண்டாக்கச் சொல்வார்கள். இந்த நேரத்தை 10 வினாடியாக வைத்தால், ஒவ்வொரு சிறு தடங்கலுக்கும் மலைமலையாகத் தரவு இடம்பெயரும். 10 மணி நேரமாக வைத்தால், அதற்குள் இரண்டாவது படியும் மூன்றாவது படியும் அழிந்துபோக வாய்ப்புண்டு. ஒரே ஓர் எண். அதில் தரவின் உயிர் இருக்கிறது.

இரண்டாவது, நினைவக இலக்கு. ஒவ்வொரு குதிர்க்காரரும் ஏறத்தாழ எவ்வளவு நினைவகத்தைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அமைவு இது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 4 ஜிகாபைட். ஓர் இயந்திரத்தில் 12 வட்டுகள் இருந்தால் 12 குதிர்க்காரர்கள்; 12 × 4 = 48 ஜிகாபைட் வேண்டும். அந்த இயந்திரத்தில் இருப்பதோ 32 ஜிகாபைட் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? நினைவகம் தீர்ந்ததும் இயக்க மென்பொருள் ஒரு நிரலைப் பலிகொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றப் பார்க்கும். பலியானவர் மீண்டும் எழுவார், மீண்டும் விழுவார். ஒருகட்டத்தில் 600 வினாடி கடந்துவிட்டால், அவருடைய சுமை மற்றவர்கள் தலையில் ஏறும். மறுபடி எடுக்கும் வேலைக்கும் நினைவகம் தேவை. அதனால் இன்னொருவர் விழுவார். வட்டு ஒன்றுகூடப் பழுதாகவில்லை; ஆனாலும் சேமிப்பு தள்ளாடுகிறது.

எனவே அந்த இயந்திரத்துக்கு மட்டும் அமைவை மாற்றவேண்டும். எங்கே மாற்றுவது?

பழைய முறையில், ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு கோப்பு இருக்கும். அமைவுகள் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். மூன்று இயந்திரங்கள் இருக்கும்வரை தொல்லையில்லை. முந்நூறு ஆனால்? ஓர் அமைவை மாற்ற முந்நூறு கோப்புகளைத் திருத்தவேண்டும். அந்த நேரத்தில் ஏழு இயந்திரங்கள் பழுது பார்ப்பதற்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் அவற்றில் பழைய கோப்பே இருக்கும். ஒரு வாரம் கழித்து அவை மீண்டும் எழும்போது பழைய விதியைப் பிடித்துக்கொண்டு எழும். ஓர் ஊரில் ஒரு படிக்கு இரண்டு படி, அடுத்த ஊரில் ஒரு படிக்கு ஒன்றரைப் படி என்றால் விதை வங்கியில் சண்டை வராதா?

இதற்கிடையில் இன்னொரு மாற்றமும் வந்தது. அதுதான் கன்டெய்னர். சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களில் அடுக்கி வைத்திருக்கும் இரும்புப் பெட்டகங்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே பருத்தி இருந்தாலும் பாத்திரம் இருந்தாலும் வெளியளவு ஒன்றே. எந்தக் கப்பலிலும் எந்த லாரியிலும் ஏறும். மென்பொருளையும் இதுபோல், அதற்கு வேண்டிய துணைநிரல்கள் அனைத்தோடும் ஒரே பெட்டகமாகக் கட்டி, எந்த இயந்திரத்திலும் இறக்கி ஓட்டும் முறை 2013இல் 'டாக்கர்' வெளிவந்த பிறகு வேகமாகப் பரவியது. செஃப் மென்பொருளும் 2020இல் வந்த பதிப்பு முதல் தன் பணியாளர்களைப் பெட்டகங்களிலேயே அமர்த்தும் கருவியைத் தன்னோடு கொண்டு வருகிறது. அப்பதிப்பின் பெயர் 'ஆக்டோபஸ்', அதாவது எண்காலி.

பெட்டகத்துக்கு ஒரு குணம் உண்டு. அது மறதிக்காரப் பெட்டகம். பழுது வந்தால் அதைச் சரிசெய்வதில்லை. தூக்கி எறிந்துவிட்டு அதே அச்சிலிருந்து புதிய பெட்டகம் ஒன்றை எழுப்புகிறார்கள். புதிய பதிப்பு வந்தாலும் அப்படியே. உள்ளே போய் ஒரு கோப்பைத் திருத்தி வைத்திருந்தால், பெட்டகத்தோடு அந்தத் திருத்தமும் போய்விடும். வாடகை வீட்டுச் சுவரில் பால் கணக்கு எழுதிவைத்த கதைதான். வீடு மாறினால் கணக்கும் போயிற்று! எனவே மறையக் கூடாத எதுவும் பெட்டகத்துக்கு வெளியே இருக்கவேண்டும். தரவு வெளியே, வட்டில் இருக்கிறது. அமைவு?

செஃப் கண்ட விடை இது: அமைவுகளைக் கண்காணிப்பாளர்களிடம் ஒப்படைத்துவிடு. 2018இல் வெளிவந்த பதிப்பிலிருந்து இம்முறை நடைமுறையில் உள்ளது. குதிர்க்காரர் பெட்டகம் எழுந்தவுடன் கண்காணிப்பாளரிடம் போய், 'நான் இன்ன வட்டைக் கவனிப்பவன்; எனக்கு என்ன விதிகள்?' என்று கேட்டுப் பெற்றுக்கொள்ளும். ஒரு வாரம் உறங்கி எழுந்தாலும் புதிய விதியோடுதான் எழும்.

ஒவ்வொரு இயந்திரத்திலும் இன்னும் ஒரு சிறு கோப்பு இருக்கத்தான் செய்கிறது. அதில் இரண்டே செய்திகள்: இந்தத் தொகுதியின் அடையாள எண், கண்காணிப்பாளர்களின் முகவரி. இவற்றையும் கண்காணிப்பாளரிடமே கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். பதிவேடு இருக்கும் வீட்டுக்குப் போகும் வழியைப் பதிவேட்டிலேயே எழுதி வைத்தால் புதிதாக வருபவர் எப்படிப் போய்ச் சேர்வார்?

கூர்மையான மாணவர் இங்கே எழுந்து நிற்பார். 'ஐயா, தரவை ஒரே இடத்தில் வைப்பது ஆபத்து என்றீர்கள். இப்போது விதிகளை மட்டும் ஒரே இடத்தில் வைக்கலாமா?' நல்ல கேள்வி. கட்டுரையின் நடுநரம்பே இதுதான். கண்காணிப்பாளர் ஒருவர் அல்லர். மூவர் அல்லது ஐவர். ஒவ்வொருவரிடமும் பதிவேட்டின் முழுப்படி இருக்கிறது. ஆனால் ஒரே பதிவேடுபோல நடந்துகொள்கிறார்கள். எப்படி?

குண்டனி நாட்டில் அ, ஆ, இ, ஈ, உ என ஐந்து ஊர்கள் விதை வங்கி நடத்துவதாகக் கற்பனை செய்வோம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு பதிவேடு. விதியை மாற்றவேண்டுமானால் குறைந்தது மூன்று ஊர்கள் ஒப்பவேண்டும் என்பது ஏற்பாடு. ஒப்பியவுடன் அந்த முடிவுக்கு ஒரு வரிசை எண் கொடுத்து, ஒப்பியவர்கள் தங்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். திங்கட்கிழமை அ, ஆ, இ மூவரும் கூடி 'ஒரு படிக்கு இரண்டு படி' என்று முடிவு செய்கிறார்கள். முடிவு எண் 41. அன்றிரவு பெருமழை, அ, ஆ ஆகிய ஊர்களுக்குப் போகும் பாதையில் மண் சரிந்துவிட்டது. செவ்வாயன்று இ, ஈ, உ கூடுகிறார்கள். ஈ, உ இருவருக்கும் திங்கட்கிழமை நடந்தது தெரியாது. ஆனால் இ அங்கே இருக்கிறது! அதன் ஏட்டில் 41ஆம் முடிவு இருக்கிறது. மற்ற இருவரும் அதைப் பார்த்து எழுதிக்கொண்ட பிறகே 42ஆம் முடிவுக்குப் போவார்கள்.

இ அங்கே இருந்தது தற்செயலா? இல்லை. ஐந்து பேரில் மூவர் ஒரு கூட்டம், மூவர் இன்னொரு கூட்டம். 3 + 3 = 6. இருப்பதோ ஐவர். ஆகவே ஒருவராவது இரண்டு கூட்டத்திலும் இருந்தே ஆகவேண்டும். ஐந்து கூடுகளில் ஆறு புறாக்களை அடைத்தால் ஏதேனும் ஒரு கூட்டில் இரண்டு இருக்கும் என்ற எளிய கணக்குத்தான். உலகின் பெரிய சேமிப்பு நிலையங்கள் பல இந்த ஒரு கூட்டல் கணக்கின்மேல் நிற்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பே.

மண் சரிவுக்கு அப்பால் மாட்டிக்கொண்ட அ, ஆ இருவரும் என்ன செய்வார்கள்? பெரும்பான்மை இல்லாததால் எதையும் முடிவு செய்யமாட்டார்கள். பாதை திறக்கும்வரை வாய் திறவார்கள். இது குறைபோலத் தோன்றும். ஆனால் இருபுறமும் தனித்தனியே விதி செய்தால், பாதை திறந்த பிறகு எது சரி என்று எவராலும் சொல்ல முடியாது.

மூன்றுக்குப் பதில் நான்கு கண்காணிப்பாளர்களை வைத்தால் பாதுகாப்பு கூடுமா? கணக்கிட்டுப் பாருங்கள். மூவரில் பெரும்பான்மை 2, ஒருவரை இழக்கலாம். நால்வரில் பெரும்பான்மை 3. அப்போதும் ஒருவரை மட்டுமே இழக்கலாம். செலவு கூடியதே தவிரப் பயனில்லை. ஐவரானால் இருவரை இழக்கலாம். அதனால்தான் ஒற்றைப்படை எண்களே வழக்கம். இத்தகைய உடன்பாட்டு முறைகளுள் முதன்மையானது 'பாக்சோஸ்'. இதைக் கண்ட லெஸ்லி லாம்போர்ட், கிரேக்கத் தீவு ஒன்றின் பழங்காலச் சட்டமன்றத்தைப் பற்றிய கற்பனைக் கதையாகத் தம் ஆய்வுரையை எழுதினார். பலர் அதை விளையாட்டென்று எண்ணினார்கள். 1998இல்தான் அது அச்சேறியது. 2013ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. செஃப் கண்காணிப்பாளர்கள் பாக்சோஸ் முறையைத்தான் கையாளுகிறார்கள்.

இனி, 32 ஜிகாபைட் உள்ள அந்த இயந்திரத்தின் சிக்கலைத் தீர்க்கலாம். பதிவேட்டில் விதிகளைப் பல மட்டங்களில் எழுதலாம்: எல்லாருக்கும் பொதுவானது, குதிர்க்காரர்களுக்கு மட்டும், இன்ன இயந்திரத்தில் உள்ளவர்களுக்கு மட்டும், இன்ன வட்டுக்கு மட்டும். பொது விதியும் தனி விதியும் முரண்பட்டால் தனி விதியே செல்லும். ஆகவே பொது அளவு 4 ஜிகாபைட்டாகவே இருக்கட்டும். அந்த இயந்திரத்துக்கு மட்டும் ஒரு தனி வரி. நினைவகத்தில் பத்தில் ஏழு பங்கைக் குதிர்க்காரர்களுக்கு ஒதுக்கினால் 32 × 0.7 = 22.4, அதை 12ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.87 ஜிகாபைட். பெட்டகங்களை அமர்த்தும் கருவியே இந்தக் கணக்கைப் போட்டு எழுதிக்கொள்ளவும் வழி உண்டு.

ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பதிவேட்டு விதிக்கும் இயந்திரத்தில் கிடக்கும் பழைய கோப்புக்கும் முரண்பாடு வந்தால் எது வெல்லும்? செஃப் அமைப்பில் கோப்புதான் வெல்லும்! அவசரத்துக்கு ஓர் இயந்திரத்தை மட்டும் தனியே திருத்த வசதி வேண்டும் என்பது இதற்குக் காரணமாகலாம். ஆனால் எவரோ என்றோ எழுதி மறந்த வரி ஒன்று கோப்பில் இருந்தால், பதிவேட்டில் நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் அந்த இயந்திரம் அசையாது. பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு கேள்வி; பணியாளர் உண்மையில் எதைப் பின்பற்றுகிறார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியே கேட்க இரண்டு கட்டளைகள் உள்ளன. சில அமைவுகள் பணியாளர் மறுபடி எழுந்த பிறகே நடப்புக்கு வரும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஒரே பதிவேட்டுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. சரியான விதி நொடியில் எங்கும் பரவுவதுபோல் தவறான விதியும் பரவும். 2024ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று நடந்தது நினைவிருக்கலாம். 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளைப் பயன்படுத்தும் விண்டோஸ் கணிப்பொறிகளுக்கு ஓர் அமைவுக் கோப்பை அனுப்பியது. இந்திய நேரம் காலை 9.39. மென்பொருள் கொடுத்தது 20 மதிப்புகள்; புதிய கோப்போ 21ஆவதைக் கேட்டது. இல்லாத ஒன்றைத் தேடி நினைவகத்தில் தடுமாறிய கணிப்பொறிகள் நின்றுவிட்டன. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் ஏற்கெனவே விழுந்த இயந்திரங்களால் எழுந்து வந்து திருத்தத்தைப் பெற முடியவில்லை. ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் கொடுத்தார்கள்.

இந்த ஆபத்துக்கும் தனி விதி முறையே மருந்தாகிறது. புதிய அமைவை முதலில் ஒரே ஒரு வட்டுக்கு எழுதுவது, ஒரு நாள் பார்ப்பது, பிறகு ஓர் இயந்திரத்துக்கு, பிறகுதான் எல்லாருக்கும். மேலும், பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இல்லை. எந்த எண்ணுள்ள மாற்றத்தில் எது எப்படி மாறியது என்ற வரலாறு முழுவதும் இருக்கும். வேண்டாமென்றால் பழைய எண்ணுக்குத் திரும்பலாம். கோப்புகளைக் கையால் திருத்திய காலத்தில் இந்த வசதியைப் பெறத் தனியாக முயற்சி எடுக்கவேண்டியிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்:

ஒரு கல்லூரியில் இரண்டு இயந்திரங்கள் உள்ளன. முதலாவதில் 8 வட்டுகள், 64 ஜிகாபைட் நினைவகம். இரண்டாவதில் 24 வட்டுகள், 48 ஜிகாபைட் நினைவகம். பொது விதி வட்டுக்கு 4 ஜிகாபைட். எந்த இயந்திரத்துக்குத் தனி விதி தேவை? பத்தில் ஏழு பங்கு முறைப்படி அதில் என்ன எண்ணை எழுதுவீர்கள்? எழுதிய பிறகும் அந்த இயந்திரம் முன்போலவே நினைவகத்தை விழுங்கினால், முதலில் எந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பீர்கள்?

(விடை: இரண்டாவது இயந்திரத்துக்கு, 1.4 ஜிகாபைட். மூன்றாவது கேள்விக்கு விடை கட்டுரையிலேயே இருக்கிறது.)